ரோடு டாக்ஸ் கட்டுறோமே, எங்க தெரு ரோடு எங்கே?

பெங்களூரில் வீடு வாங்கிய நம்மவர்கள் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் கேள்விதான் தலைப்பு. வங்கிக்காரன் புத்தி, பணம் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்கிறது.

வண்டிக்குக் கட்டும் லைஃப் டாக்ஸ் மாநில கஜானாவுக்கு. அதில் நம் தெருவுக்கென்று தனியாக ஒதுக்குவதில்லை. (தமிழ்நாட்டு நம்பர் வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு, மறுபடி டாக்ஸ். அந்தப் புலம்பலுக்குத் தனிப் பதிவு வேண்டும்!) பெட்ரோல், டீசல் சாலை செஸ் 2000-ம் வருஷச் சட்டப்படி மத்திய சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதிக்கு. அது நெடுஞ்சாலை, மாநிலச் சாலை, கிராமச் சாலை என்று பிரியும். லேஅவுட் தெரு எதிலும் சேராது. 1993-ல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் உள்ளூர்ச் சாலைகளை நகராட்சிப் பட்டியலில் வைத்தது. ஆக, நமக்கு இருப்பது சொத்து வரியும், மாநில அரசு மாநகராட்சிக்குக் கொடுக்கும் மானியமும்தான்.

சொத்து வரியை ஏப்ரலிலேயே, 5 சதவீதத் தள்ளுபடிக்காக, முழுசாகக் கட்டிவிடுகிறோம். சிக்கல் வேறு இடத்தில். 2007-ல் மாநகராட்சியோடு 110 கிராமங்களைச் சேர்த்தார்கள். விவசாய நிலத்தை முறையாக மாற்றாமல் மனை போட்ட லேஅவுட்டுகள் அதில் ஏராளம். அவைதான் பி காத்தா. வரி வாங்கிக்கொள்வார்கள், ஆனால் தெரு முறைப்படி ஒப்படைக்கப்பட்டிருக்காது. லோன் ஃபைலில் பி காத்தா என்று பார்த்தாலே எங்கள் ஆட்கள் பேனாவை மூடிவிடுவார்கள். கவுன்சிலரிடம் கேட்கலாம் என்றால், 2020 செப்டம்பரில் பதவிக்காலம் முடிந்தது. 2025-ல் ஊரை ஐந்து மாநகராட்சியாகப் பிரிக்கும்வரை தேர்தலே நடக்கவில்லை.

எங்கள் தெருவில் 34 வீடு. குழாய்க்குத் தோண்டி மூடிய மண் மழையில் உள்வாங்கிவிட்டது. வீட்டுக்கு 6,000 ரூபாய் போட்டு ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டலாம் என்று பேச்சு வந்தது. "வரியும் கட்டி ரோடும் நாமே போடணுமா?" என்று பாதிப் பேர் எழுந்தார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் கடைசி வீட்டு அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். மகனும் மருமகளும் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகிறார்கள். அந்த நாற்காலிக்கு முன்னால் நின்று 74-வது திருத்தம் பேச எனக்கு வாய் வரவில்லை. எதிர்வீட்டுக் கன்னடக்காரர்தான் முதலில் "கொடோண பிடி சார்" (கொடுத்துடலாம் விடுங்க) என்று பணத்தை எடுத்தார்.

வசூலும் கணக்கும் வழக்கம்போல வங்கிக்காரன் தலையில். ஒவ்வொரு ரசீதிலும் "தற்காலிகப் பழுது" என்றே எழுதுகிறேன். "நீங்களே போட்டுக்கிட்டீங்களே" என்று நாளைக்கு யாரும் கையை விரிக்கக் கூடாது. போட்டோ, வரி ரசீது நகல்களோடு வார்டு அலுவலகத்துக்கு ஒரு மனு, முத்திரை போட்ட அக்னாலெட்ஜ்மென்ட்டோடு. இதுவரை 29 வீடு கொடுத்தாயிற்று. ரோலர் ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

உங்களில் யாராவது லேஅவுட் தெருவை முறையாக ஒப்படைத்திருந்தால், என்னென்ன பேப்பர் கேட்டார்கள் என்று எழுதுங்கள்.