பழைமைக்கு ஒரு சான்றிதழ்

2021 ஜூலையில் ஒன்றிய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதற்பதிவு நடந்து 50 ஆண்டுகளைக் கடந்த ஊர்திகளுக்கு 'வின்டேஜ்' என்னும் தனிப்பதிவை ஏற்படுத்தியது. கட்டணம் 20,000 ரூபாய். ஊர்தி அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ அதைச் சாலையில் ஓட்டக் கூடாது. உழைக்காதவரைதான் அது பாரம்பரியம். உழைக்கும் வண்டிக்குத் தில்லியில் அப்போது வேறு கணக்கு இருந்தது: டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு.

பழுதுபார்ப்பவர்களின் தொழிலறிவைப் பற்றி ஆய்வு செய்பவன் என்ற முறையில் இந்த 'அசல்' என்ற சொல்லோடு எனக்குச் சில மாதங்களாக வழக்கு இருக்கிறது. கண்டுபிடிப்புகளை மட்டும் பார்க்காமல் பயன்பாட்டையும் பராமரிப்பையும் பாருங்கள் என்று டேவிட் எட்ஜெர்ட்டன் போன்ற தொழில்நுட்ப வரலாற்றாசிரியர்கள் சொல்லி வருகிறார்கள். அதை நான் கற்றது பெரும்பாலும் நூலகத்தில் அல்ல. ஜங்புரா மதராசி கேம்ப்பில் குடியிருந்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம். விழுப்புரம் பக்கத்துக்காரர். பெயரை இங்கே எழுதவில்லை.

2025 மார்ச் மாதம் தென்தில்லியில் ஒருவர் சேகரித்து வைத்திருந்த பழைய வில்லிஸ் பிக்கப் ஒன்றைப் பார்க்க அவர் என்னையும் அழைத்துச் சென்றார். பிரேக் ஆயில் எங்கும் ஒழுகவில்லை. ஆனால் பெடலை மிதித்துப் பிடித்தால், அது மெல்ல மெல்லத் தரையைத் தொட்டது. வெளியே கசிவில்லாமல் பெடல் இறங்குகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே ரப்பர் கப்பைத் தாண்டி ஆயில் பின்வாங்குகிறது என்று பொருள். இந்த வண்டிகளில் அந்தச் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே, சேசிஸ் சட்டத்தில் இருக்கிறது. படுத்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும்.

கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். உட்சுவரின் அடிப்பக்கம் முழுவதும் துருவின் குழிகள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வண்டி நெடுநாள் ஓடாமல் நின்றால் அந்த ஈரம் அடியில் தங்கி இரும்பைத் தின்கிறது. வெயில் படாமல், துணி போர்த்திப் பேணிய வண்டிக்குத்தான் இந்த நோய்.

உரிமையாளர் ரப்பர் கிட்டை மட்டும் மாற்றச் சொன்னார். வார்ப்பிரும்புக் கூடு அசல், அது போகக் கூடாது என்பது அவர் கட்சி. அண்ணன் இந்தியில் பொறுமையாக விளக்கினார்: தேய்த்து வழவழப்பாக்கினால் துளை அகன்றுவிடும், குழியும் முழுதாகப் போகாது, புதுக் கப்பை அது ஒரு மாதத்தில் கிழித்துவிடும். இந்த வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே சுற்றுதான்; கப் கிழிந்தால் நான்கிலும் ஒருசேரப் பிரேக் போகும். (அமெரிக்கா 1968 முதல் பயணிகள் கார்களில் இரட்டைச் சுற்றைக் கட்டாயமாக்கியதற்குக் காரணம் இதுவே.) பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "அசலா இருக்கணும்னா ஷோகேஸ்ல வைக்கச் சொல்லு தம்பி. ரோட்டுக்கு வரணும்னா மாத்தித்தான் ஆகணும்."

காஷ்மீரி கேட் சந்தையில் புதுச் சிலிண்டர் கிடைத்தது. அங்கே உதிரிபாகப் பெட்டிகளைப் புரட்டுகையில் பாடி என்ற ஊர்ப்பெயர் கண்ணில் பட்டது, 1962-இல் டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸும் இணைந்து தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் ஊர். "நம்மளுக்கு முன்னாடியே சாமான் டெல்லிக்கு வந்துடுச்சு" என்று சிரித்தார்.

மாட்டுவதைவிடச் சரிசெய்வதில்தான் நேரம் போனது. பெடலுக்கும் பிஸ்டனுக்கும் இடையிலுள்ள புஷ் ராடில் இம்மியளவு தளர்வு வைக்க வேண்டும். அந்தத் தளர்வு இல்லாவிட்டால் கப் முழுதாகப் பின்வராது. சிலிண்டருக்கும் ஆயில் தொட்டிக்கும் இடையிலுள்ள ஊசிமுனைத் துளையை அடைத்துக்கொண்டு நிற்கும். சூட்டில் விரிந்த ஆயில் திரும்ப வழியில்லாமல், மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொள்ளும். அந்த இம்மியை அவர் அளவுகோல் வைத்துப் பார்க்கவில்லை. உள்ளங்கையால் பெடலைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு ஏர் எடுத்தோம். தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, அவர் கீழிருந்து "அமுக்கு... பிடி... விடு" என்று சொல்லச் சொல்ல நான் மிதித்தேன். நான்காம் சக்கரம் முடிந்ததும் பெடல் கல்லாக நின்றது. கழற்றிய பழைய கூட்டை ஒரு துணியில் சுற்றி உரிமையாளரிடம் கொடுத்தார். அது இப்போது ஒரு கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

அதே வாரங்களில் அவர் வீட்டில் வேறோர் அசலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தில்லியின் 2015-ஆம் ஆண்டு மறுகுடியமர்வுக் கொள்கைப்படி, குடியிருப்பு 2006-க்கு முன்பும் குடிசை 2015-க்கு முன்பும் இருந்திருக்க வேண்டும். குடியிருப்பவர் பெயர் 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலாவது அந்த முகவரியில் இருக்க வேண்டும். மதராசி கேம்ப் அரை நூற்றாண்டு பழையது. அதை ஒட்டி நிற்கும் முகலாயர் காலத்துப் பாரபுல்லா பாலம் பாதுகாக்கப்பட்ட சின்னம். பாலத்தடி வடிகாலை ஒட்டிய வீடுகளோ ஆக்கிரமிப்பு. 370 வீடுகளில் 215 தகுதி பெற்றன. அண்ணனின் தந்தை தில்லிக்கு வந்தது எழுபதுகளில். அண்ணன் பெயர் அந்த நான்கு ஆண்டுகளும் ஊர்ப் பட்டியலில் இருந்தது. வாக்களிக்க ஊருக்குப் போய்வருவார். கணக்கெடுப்பில் அவர் வீடு மற்ற 155-இல் சேர்ந்தது.

உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று கேம்ப் இடிக்கப்பட்டது. தகுதி பெற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நரேலா அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஜங்புராவிலும் நிஜாமுதீனிலும் வீட்டு வேலை செய்துவந்த பெண்கள் அவ்வளவு தூரம் நாள்தோறும் எப்படி வந்துபோவார்கள் என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை. ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அண்ணன் திரும்பவில்லை. பழைய ஜீப்புகளுக்குப் பெடல் தட்டிப் பார்க்கும் வேலை ஊரில் இல்லை என்றார். இப்போது ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறார்; கருவிப்பெட்டி உறவினர் வீட்டில்.

சென்ற வாரம் தொலைபேசியில் அந்தப் பிக்கப்பைப் பற்றி விசாரித்தார். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுக்கிறார்கள் என்றேன்.

"நிறுத்தியே வைக்க வேணாம்னு சொல்லு தம்பி. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஆயில மாத்தச் சொல்லு."