காடி

வெளிநாட்டிலிருந்து திரும்பியவன் எதற்காவது ஏங்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. நான் ஏங்கியது மால்ட் வினிகருக்கு. ஆரணியில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

இரண்டு வருஷம் பிராட்ஃபர்டில் இருந்தேன். கம்பளியால் வாழ்ந்த ஊர். வெள்ளிக்கிழமை மாலைகளில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்குவோம். கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டுமுன் பழுப்பு நிற வினிகரைத் தெளிப்பார். முதல் நாள் அந்தச் சூட்டில் ஆவி எழுந்து மூக்கில் ஏறியபோது பசி தோன்றவில்லை. அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்தவர். கச்சாப் பட்டைச் சோப்பிலும் சோடாவிலும் வேகவைத்துப் பசையைப் போக்குவார்கள். எடையில் ஏறக்குறையக் கால்பங்கு அதிலேயே போய்விடும். பிறகு சாயத் தொட்டி. நிறம் நூலில் ஏற அசிட்டிக் ஆசிட் விடுவார்கள். நீர்த்த ஆசிடில் அலசி எடுத்த பட்டுக்கு ஒரு சரசரப்பு வரும். கல்யாண வீட்டில் அந்தச் சரசரப்பை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அதன் பின்னாலிருந்த நெடி எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பாவின் சட்டையில், விரல்களில், அவர் பிசைந்து தந்த சோற்றில். பள்ளிக்கூடத்துக்கு அவர் வந்தால் நான் தள்ளி நிற்பேன். அவர் கவனித்தார். ஒருநாளும் கேட்கவில்லை.

அதே நெடியைக் கடல் கடந்து போய்க் காசு கொடுத்து வாங்கி, ருசி என்று தின்றேன்.

பின்னால் ஒரு விஷயம் தெரிந்தது. அங்கே பல மீன் கடைகளில் தெளிப்பது வினிகரே அல்ல. தண்ணீர் கலந்த அசிட்டிக் ஆசிட். பழுப்பு நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை. வினிகர் என்று சொல்லி விற்கச் சட்டம் இடம் தராததால் வேறு பெயர். எங்கள் கடைக்காரரைக் கேட்டேன். அதுவேதான் என்றார். அசல் மால்ட் வினிகர், முளைவிட்ட பார்லியிலிருந்து முதலில் மதுவாகி, மேலும் புளித்து வருவது. தமிழில் வினிகருக்குக் காடி என்று பெயர். புளித்த கஞ்சிக்கும் அதே சொல்தான். தானியம் புளித்தால் காடி. கேனிலிருந்து ஊற்றினால் ஆசிட். ஆக, பிராட்ஃபர்டில் என்னைத் தொட்டது போலி. அசல், போலி என்று கவிதையில் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறோம். ஞாபகம் அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

ஆரணிக்கு இங்கிலீஷ்காரன் புதியவனல்ல. 1751இல் கிளைவும் 1782இல் அயர் கூட்டும் இங்கே சண்டை போட்டார்கள். இந்தத் தீனியை அவர்கள் விட்டுப் போயிருக்க முடியாது. மீனையும் உருளைக்கிழங்கையும் சேர்த்துப் பொரித்து விற்கும் கடைகள் அங்கேயே 1860களை ஒட்டித்தான் வந்தன.

போன மாதம் சென்னையில் ஒரு புட்டி கிடைத்தது. அசல். ஏரி விராலை மைதா மாவில் தோய்த்துப் பொரித்தேன். உருளைக்கிழங்கைக் கனமாக நறுக்கிப் போட்டேன். வினிகரைத் தெளித்தபோது வாசனை சற்று இனிப்பாக, சாதுவாக இருந்தது. அப்பா அதில் பாதிதான் இருப்பதாகப் பட்டது.

அம்மாவுக்கு அந்தப் பாதி போதுமாயிருந்தது. தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நாப்பது வருசம் மோந்தது போதாதாடா?"

அவள் பங்கையும் சேர்த்து நானே தின்றேன். அன்று கைக்குச் சோப்புப் போடவில்லை.