பால் மரம் துளிர்க்கும்போது

ரப்பர் மரத்தின் தேன் இலையில் இருக்கிறது. மூன்று சிற்றிலைகள் ஒரே காம்பில் வந்து சேரும் இடத்தில் குண்டூசித் தலை அளவுக்குச் சில சுரப்பிகள் உண்டு. இலை இளசாக இருக்கும் சில வாரங்களில் அவற்றிலிருந்து இனிப்பு நீர் கசியும். முற்றினால் நின்றுவிடும். காலமெல்லாம் பால் வெட்டிய என் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “எலையில தேனா? யாருடா சொன்னா ஒனக்கு?” என்றார். அவருடைய கண் எப்போதும் வெட்டுப்பட்டையிலும் மங்கிலும்தான் இருந்தது. அண்ணாந்து பார்க்க நேரமேது?

ரவாங்கிலிருந்து குண்டாங், பத்து ஆராங், ஈஜோக் வழியாகக் குவாலா சிலாங்கூர் வரை நீளும் இந்த வட்டாரத்தில் வசந்தம் என்று ஒரு பருவம் கிடையாது. ஆனால் தைப்பூசம் முடிந்து வெயில் ஏறும்போது பால் மரங்கள் இலையைக் கொட்டும். நிரை நிரையாக மொட்டையாக நின்று, பிறகு ஒரே மூச்சில் செம்பு நிறத்தில் துளிர்க்கும். அந்த வாரங்களில் பால் குறையும், அதனால் சம்பளமும் குறையும். அப்பா பகலிலேயே வீட்டில் இருப்பார். கோழிக்கூண்டுக்குப் புதுக் கம்பி கட்டுவார், லயத்துக்குப் பின்னால் மண்டிய லாலான் புல்லை வெட்டுவார். பங்குனியில் சொந்தக்காரர் கல்யாணங்கள் வரும். கையில் காசு இல்லாத மாதத்தில்தான் குடும்பம் முழுசாக ஒன்றாக இருந்தது. அதே மாதத்தில் தலைக்குமேல் தேன் கசிந்துகொண்டிருந்தது என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. மார்த்தாண்டம் பக்கம் மாசி, பங்குனி என்றாலே ரப்பர் தேன்தான். நியூட்டன் பாதிரியார் 1910களில் நம்மூர்ப் பொந்துத் தேனீயின் உடம்புக்கு ஏற்றபடி சிறிதாக ஒரு பெட்டி வடிவமைத்தார். பிற்பாடு மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராம முன்னேற்றப் பணியில் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைக் குடும்பங்களுக்குப் பழக்கினார். எங்கள் தோட்டங்களில் அதே மரம் இருந்தது, தேனீயும் இருந்தது. பெட்டி வைக்கத்தான் நிலமில்லை. லயத்துக்கு வெளியே உள்ள ஒவ்வொரு அடியும் கம்பெனியுடையது. நாளைக்கு எந்தத் தீம்பாருக்கு மாற்றுவார்கள் என்று தெரியாதவன் தேன் கூட்டை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

அப்புறம் பால் மரமே குறைந்துபோனது. செம்பனை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் போட்ட தென்னமரம் எஸ்டேட். அது எங்களுக்குப் பக்கத்தில், அன்று பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட இன்றைய பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறது. ஆனால் ரப்பரை வீழ்த்திவிட்டுப் பார்த்த பக்கமெல்லாம் செம்பனை நட்டது பிற்பாடுதான். தேனீ கண்ணால் பார்த்தால் இந்த மாற்றம் பெரிய இழப்பு. செம்பனையின் ஆண் பூவில் மகரந்தம் உண்டு, உறிஞ்ச மது இல்லை.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா செம்பனைக்கு மகரந்தம் போடும் வேலை பார்த்தவர். மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த வேலையை ஒரு கூன்வண்டு செய்கிறது. மரத்தை இங்கே கொண்டுவந்தவர்கள் வண்டைக் கொண்டுவரவில்லை. அதனால் பல தோட்டங்களில் பெண்கள்தான் அந்த வண்டு. டால்க் மாவில் கலந்த மகரந்தத்தை எடுத்துக்கொண்டு நிரைக்குள் நுழைய வேண்டும். மட்டை முள் கையைக் கிழிக்கும். பக்குவமான பெண் பாளை சோம்பு மணக்கும். அம்மா மூக்கை வைத்தே கண்டுபிடிப்பாராம். பாளையை விலக்கி மாவைப் பீச்சிவிட்டு அடுத்த மரம். 1981இல் கேமரூனிலிருந்து அந்தக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். கொஞ்ச காலத்தில் வண்டு நாடெங்கும் பரவிவிட்டது, அம்மாவை உரம் போட அனுப்பிவிட்டார்கள். “பூச்சி வந்து என் வேலைய புடுங்கிக்கிச்சி” என்று இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அதனால் நான் வளர்ப்பதற்காக முதல் தேனீக் கூட்டைக் கொண்டுவந்தபோது வீட்டில் பூ விஷயம் தெரிந்த ஆள் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். பூ எப்போது விரியும், எந்த வெயிலில் காயும், மழைக்கு முன்னால் என்ன மணக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை.

நான் தொடங்கியது கெலுலுட்டில். தமிழ்நாட்டில் கொசுத்தேனீ என்பார்களே, அந்தச் சாதி. ஆனால் இங்குள்ளது சற்றுப் பெரியது, கறுப்பு. கொடுக்கு இல்லை. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அதுவே பெரிய காரணம். பொந்துத் தேனீயையும் பெட்டியில் வளர்க்கலாம், தேனும் கூடுதல். ஆனால் அதற்கு மனசு சரியில்லை என்றால் ஒரு நாள் மொத்தமாகக் கிளம்பிவிடும். கெலுலுட் அப்படிப் போகாது, அதன் முதிர்ந்த ராணி பறக்கவே முடியாத அளவுக்கு வயிறு பெருத்தவள். புதுக் குடித்தனம் போவது மகள் ராணிதான். அதுவும் ஒரே நாளில் நடப்பதில்லை. வேலைக்காரத் தேனீக்கள் முதலில் இடம் பார்த்து, பழைய கூட்டிலிருந்து மெழுகும் பிசினும் தேனும் கொஞ்சங்கொஞ்சமாகச் சுமந்துபோய் வைக்கும். தாய்வீட்டுச் சீர் வாரக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும்.

குவாங் பக்கம் ஒரு மலாய்க்காரப் பெரியவரிடம்தான் கட்டை வாங்கினேன். காட்டில் விழுந்த மரத்தின் பொந்தில் கூடு இருக்கும். அந்தத் துண்டை மட்டும் அறுத்து எடுத்து நிமிர்த்தி வைப்பார்கள். கட்டை வாங்கப் போகிறவர் தேனைப் பார்க்க வேண்டாம், வாசலைப் பார்க்கட்டும். பிசினால் செய்த குழாய் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் விளிம்பு மெல்லியதாக, இளகி, பளபளப்பாக இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். காய்ந்து நொறுங்கினால் கூடு தளர்ந்துவிட்டது. காலை எட்டு மணி வாக்கில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் பின்னங்காலில் மஞ்சள் உருண்டையோடு வருகிறவை கண்ணில் படும். மகரந்தம் உள்ளே போகிறதென்றால் குஞ்சு வளர்கிறது, ராணி இருக்கிறாள். பெரியவர் அதையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, “பொறுமையா இரு, தம்பி” என்று தமிழிலேயே சொன்னார். தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்.

கட்டையைத் தூக்குவது இருட்டிய பிறகு. வெளியே போனவை எல்லாம் திரும்பியிருக்கும். வாசலை வலைத்துணியால் கட்டி, வண்டியில் படுக்கவிடாமல் நின்ற நிலையிலேயே கொண்டுவர வேண்டும். சாய்த்தால் உள்ளே தேன் குடங்கள் உடைந்து, தேன் குஞ்சறைகள்மேல் வழிந்துவிடும். கெலுலுட்டின் முட்டை உணவின்மேலேயே மிதக்கிறது. ஒவ்வோர் அறையிலும் வேலைக்காரத் தேனீக்கள் முதலில் உணவை நிரப்பி, ராணி முட்டையிட்டதும் மூடிவிடும். பிறகு யாரும் திறந்து ஊட்டுவதில்லை. தலைகீழானால் முட்டை மூழ்கிப்போகும்.

வீட்டுக்குப் பின்னால் காலை வெயில் படும், மதிய வெயில் படாத இடம் ஒன்று பார்த்து இரும்புத் தாங்கியில் வைத்தோம். கால்களில் கிரீஸ் தடவினோம், எறும்புக்காக. எறும்பைவிட மோசமானது கூன்முதுகு ஈ. கூடு எங்காவது உடைந்து புளித்த வாடை வந்தால் நுழைந்து முட்டையிட்டுவிடும். புழு வைத்த கூட்டைக் காப்பாற்றுவது கஷ்டம். அதனால் முதல் சில மாதங்கள் திறக்காமல் இருப்பதே வளர்ப்பு. இது நமக்குச் சுலபமாக வராது. வந்த விருந்தாளி ஒவ்வொருவரும் “கொஞ்சம் தொறந்து காட்டேன்” என்பார்கள். அம்மா ஒரு நாற்காலியைக் கட்டைக்கு அருகில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

குடியிருப்புப் பகுதிகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. டெங்கிக்காகப் புகை அடிக்க வருவார்கள். அது தேவைதான், கொசு சாக வேண்டும். ஆனால் அந்த மருந்துக்குக் கொசுவும் தெரியாது, கெலுலுட்டும் தெரியாது. எப்போது வருகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவைத்து, முதல் நாள் இரவு வாசலை வலையால் அடைத்து ஈரச் சாக்கால் போர்த்திவிடுவோம். புகை கலைந்த பிறகுதான் திறப்பு.

கூடு வலுத்ததும் கட்டையின் தலையில் டாப்பிங் பெட்டி ஏற்றினோம். பலகைப் பெட்டி, நடுவில் துளை போட்ட பிளாஸ்டிக் தாள் அதற்கு அடித்தளம். குஞ்சு கீழே, தேன் மேலே. அறுகோண அடையெல்லாம் இங்கே இல்லை. மெழுகும் பிசினும் குழைத்துச் செய்த சின்னச் சின்னக் குடங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் தேன், சிலவற்றில் மகரந்தம். குடத்தைத் துளைத்துச் சிறு பம்பினால் உறிஞ்சி எடுப்போம். கூட்டைக் கொல்ல வேண்டாம், பிழிய வேண்டாம். பாதிக் குடங்களைத் தொடாமல் விடுவது வீட்டு வழக்கமாகிவிட்டது.

தேனை முதலில் நாக்கில் வைத்தவர்கள் முகம் சுளித்தார்கள். கெலுலுட் தேன் புளிக்கும், தண்ணியாக ஓடும். “கெட்டுப்போச்சா?” என்று என் மகள் கேட்டாள். கெடவில்லை. உலகத் தேன் தரவிதி பொதுவாக நூற்றுக்கு 20 வரை ஈரம் அனுமதிக்கும். கெலுலுட்டுக்கென்று தனியாக வகுத்த மலேசியத் தரம் எம்.எஸ். 2683:2017 நூற்றுக்கு 35 வரை அனுமதிக்கிறது. குளிர்பெட்டியில் வைக்காவிட்டால் நுரைத்து மூடியைத் தள்ளும். இதன் இனிப்பில் பெரும்பங்கு ட்ரெஹாலுலோஸ் என்ற அரிதான சர்க்கரை என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். அந்த ஆய்வில் மலேசியக் கூடுகளின் தேனும் இருந்தது. இரத்தத்தில் மெதுவாக ஏறும் சர்க்கரை என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு சர்க்கரை நோய்க்கு மருந்து என்று விளம்பரம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்பா இன்சுலின் போடுகிறவர். அவருக்கு அரைத் தேக்கரண்டிக்குமேல் அம்மா கொடுப்பதில்லை.

கூடு வைத்த பிறகு நான் அதிகம் பார்த்தது கூட்டையே அல்ல, தெருவைத்தான். கெலுலுட் சில நூறு மீட்டருக்கு அப்பால் அதிகம் போவதில்லை. அந்த வட்டத்துக்குள் என்ன பூக்கிறதோ அதுதான் நம் தேன். பின்வீட்டில் இரண்டு தென்னை, வருஷம் முழுக்கப் பாளை. நான்காவது வீட்டில் ரம்புத்தான். சாலை முனையில் யாரும் நடாமலே வளர்ந்த அக்கேசியா. ரப்பரைப் போலவே அதுவும் இலைக் காம்பில் மது கொடுக்கும். பிசினுக்கு எங்கள் மாமரமும் பலாவும். வேலியில் ஆயர் மாத்தா பெங்காந்தின் கொடியை ஏற்றினேன், இளஞ்சிவப்புப் பூ, தேனீ மொய்க்கும். அம்மா முருங்கையும் துளசியும் வைத்தார். ஆனால் ஒரு வீட்டுக் கொல்லையால் ஒரு கூடு வாழாது. அண்டைவீட்டுக்காரர்களின் மரங்களில்தான் நம் மாடு மேய்கிறது.

அதனால் தேன் எடுத்தவுடன் முதல் புட்டிகள் அந்த வீடுகளுக்கே போகும். விற்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்கிறார்கள், விலையும் நன்றாகத்தான் இருக்கிறது. அம்மா கணக்கு வேறு. யார் வீட்டில் எந்த மரம், எப்போது பூக்கும் என்று அவருக்கு மனப்பாடம். மலாய்க்கார வீடு, சீனர் வீடு என்று வித்தியாசமில்லை.

போன மாதம் நான்காவது வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், இலை விழுந்து கால்வாய் அடைக்கிறது என்று பிலிம்பிங் மரத்தை வெட்ட ஆள் கூப்பிட்டுவிட்டார். பிலிம்பிங் பூ கெலுலுட்டுக்கு உயிர். அம்மா ஒரு புட்டியை முந்தானையில் மூடிக்கொண்டு போனார். என்ன பேசினாரோ தெரியாது, அரைமணி நேரம் ஆயிற்று. ரம்பச் சத்தம் கேட்டது, நின்றது.

“கால்வா பக்கம் உள்ளத மட்டும் வெட்டிக்க சொன்னேன்,” என்றார் திரும்பி வந்து. “வாரத்துல ரெண்டு நா அந்தக் கால்வாய நீ போயி கூட்டணும். சொல்லிட்டு வந்துட்டேன்.”