தேரியும் சேரியும்

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே எங்கள் கிராமம். ஊருக்கும் கிழக்கே சேரி. ஆனி, ஆடியில் மேக்காத்து ஊர்த்தெருவைத் தாண்டி வந்துதான் எங்க மேலே விழும். சோத்துல மண்ணு, கண்ணுல மண்ணு. "நம்ம வீடெல்லாம் ஏம்மா இந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "நம்மமேல பட்ட காத்து அவுகமேல படக்கூடாதுல்லா" என்றாள் அம்மா.

அந்தக் காற்றைப் பற்றிக் கல்லூரியில்தான் படித்தேன். தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கிடையே நெருக்குண்டு வேகமெடுக்கிறது. காய்ந்து கிடக்கும் செம்மண்ணை அள்ளிக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. கடலோரத் தேரிகள் இப்படிக் காற்று சேர்த்தவை என்று 1883இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் எழுதினார். கடல் உள்வாங்கியிருந்த காலத்தில் வெளியே தெரிந்த கடலடி மணலும் அதில் உண்டு என்கிறார்கள் பின்வந்தவர்கள். மணலின்மேல் படிந்த இரும்புத் துருதான் அந்தச் சிவப்பு. திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரியில் நின்றபோது, எங்க வீட்டுக் கூரையில் விழுந்த மண்ணின் நிறத்தைப் பார்த்தேன்.

அதே காற்றில் இன்று முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுகின்றன. காத்துக்குத் தெரு தெரியாது. தேரிக்கு இடம் குறித்தது காற்று. சேரிக்கு இடம் குறித்தது, காற்றின் திசை பார்த்து வைத்த சாதி. மனுசன் போட்ட கோடு அது, மனுசன்தான் அழிக்கணும்.