ஸ்விட்ச் 2: அட்டை கைமாறுமா?

நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 உலகச் சந்தைக்கு வந்தது 2025 யூன் 5ஆம் திகதி. உடுப்பிட்டிக்கு, அதாவது எங்கட வீட்டுக்கு, அது வந்தது ஓகஸ்ட் கடைசியில. சந்நிதித் திருவிழாவுக்கு லண்டனில இருந்து வந்த மாமாவின்ர பெட்டிக்குள்ள, துவாய்க்குள்ள சுத்தி, சொக்லேட் பைகளுக்கு நடுவில கிடந்தது. யூரியூப்பில இந்தக் கொன்சோலைப் பற்றி ஆயிரம் பேர் கதைச்சாச்சு. ஆனா அவையள் எல்லாரும் கடைக்குப் போய் வாங்கி, பழுதானால் திருப்பிக் குடுக்கிற ஊர்களில இருந்து கதைக்கினம். எங்களுக்குக் கொன்சோல் வாங்கிறது எண்டால் "ஆர் எப்ப வருகினம்?" எண்டு கேக்கிறதுதான் முதல் வேலை. அந்த இடத்தில இருந்து பார்த்தால் இந்தச் சாமான் எப்பிடி இருக்கு எண்டதுதான் நான் எழுத வாறது.

முதல்ல காசு. 2025இல வெளியானபோது அமெரிக்க விலை 449.99 டொலர், பிரித்தானியாவில 395.99 பவுண்ஸ். டொலர் 300 ரூபா எண்டு வைச்சாலே 135,000 ரூபா வருது. 2025 ஏப்ரலில தனியார் துறைக்குச் சட்டப்படி ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக இருந்தது. அப்ப சரியாக அஞ்சு மாசச் சம்பளம், அதுவும் ஒரு நேரமும் சாப்பிடாமல். இறக்குமதி வரி, கடைக்காரரின்ர லாபம் எல்லாம் இதுக்கு மேல. வெளிநாட்டில ஆரும் இல்லாத ஒரு பெடியனுக்கு இது எட்டாத சாமான் எண்டதைச் சொல்லாமல் மற்றதைக் கதைக்கிறது சரியில்லை.

கையில எடுத்தால் நல்லாத்தான் இருக்கு. 7.9 அங்குலத் திரை, 1080பி, 120 ஹேர்ட்ஸ். பழைய ஸ்விட்ச்சில 720பியில பார்த்துப் பழகின கண்ணுக்கு மாரியோ கார்ட் வேர்ல்ட்டின்ர வெயிலும் கடலும் வேற ஒரு உலகம். ஜோய்-கொன் 2 ரெண்டும் காந்தத்தில டக்கெண்டு ஒட்டுது, பழைய தண்டவாளத்தில இருந்த ஆட்டம் இல்லை. பாரம் 534 கிராம், படுத்துக்கிடந்து விளையாடேக்க மூஞ்சியில விழுந்தால் தெரியும். ஒரு குறை, இது எல்சிடி. 2021இல வந்த ஓலெட் ஸ்விட்ச்சில கறுப்பு கறுப்பாகவே இருக்கும். இதில இரவில லைட்டை நிப்பாட்டிப்போட்டு விளையாடினால் கறுப்பு கொஞ்சம் சாம்பலாத் தெரியுது.

பற்றரிதான் எனக்கு மனவருத்தம். நிண்டெண்டோ சொல்லுற கணக்கு 2இல இருந்து 6.5 மணித்தியாலம். மாரியோ கார்ட்டில நான் மூண்டு மணித்தியாலத்தைத் தாண்டினதே இல்லை. இது சின்ன விசயம் இல்லை. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களில, கையடக்கக் கொன்சோல் எண்டால் என்ன எண்டு எங்களுக்கு உண்மையாகவே விளங்கினது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில ஒரு குரங்கு புகுந்து முழு நாட்டின்ர கரண்டையும் நிப்பாட்டின அண்டைக்கும் அப்பிடித்தான். பழைய ஸ்விட்ச் அந்த நேரங்களில கூடக் கனக்க நேரம் நிண்டு பிடிச்சுது. புதுசு வேகமாக ஓடுது, ஆனா கெதியில களைச்சுப்போகுது.

துணைச்சாமான்களுக்கு வருவம். ஊருக்கு ஊர் வித்தியாசப்படுறது இஞ்சதான்.

சார்ஜர் 100இல இருந்து 240 வோல்ற் வரைக்கும் தாங்கும், அதால எந்த நாட்டில வாங்கினாலும் இஞ்ச எரியாது. பிரச்சினை பின்னில. லண்டன் பெட்டியில வாறது மூண்டு சதுரப் பின், எங்கட புது வீடுகளின்ர 13 அம்பியர் பிளக்கில நேர செருகலாம். பழைய வீட்டு வட்டப்பின் பிளக் எண்டால் அடாப்டர் வேணும். கனடாப் பெட்டி எண்டால் தட்டைப் பின். நூறு, இருநூறு ரூபா அடாப்டரில தளர்வாகத் தொங்கவிடாதேங்கோ, ஒரு நல்லது வாங்குங்கோ. ஜப்பானில 2025இல 49,980 யென்னுக்கு வந்த ஒரு மலிவுப் பதிப்பு இருக்கு எண்டு ஆராவது சொன்னால் ஓம் எண்டு சொல்ல முதல் யோசியுங்கோ. அது ஜப்பான் மொழியில மட்டும்தான் ஓடும், ஜப்பான் கணக்கு மட்டும்தான் ஏற்கும்.

திரையில தொழிற்சாலையிலேயே ஒட்டின மெல்லிய படலம் ஒண்டு இருக்கு. கண்ணாடி உடைஞ்சால் சிதறாமல் இருக்கத்தான் அது. போன் வாங்கின உடன மேல்தாளை உரிக்கிற பழக்கத்தில அதை உரிச்சுப்போடாதேங்கோ. அதுக்கு மேல ஒரு கண்ணாடிப் பாதுகாப்பும், ஒரு கெட்டிப் பையும் கட்டாயம். சைக்கிள் கூடையில போற சாமான், எங்கட ஒழுங்கைப் புழுதி வேற.

டொக் ரீவிக்கு 4கே வரைக்கும் படம் அனுப்பும், உள்ளுக்க விசிறியும் இருக்கு. பழைய ஸ்விட்ச்சுக்கு வாங்கின மலிவு டொக்குகள் கனக்க இதோட வேலை செய்யாது, அதால அதுகளை நம்பி இராதேங்கோ. புரோ கொன்ட்ரோலர் 2025இல வெளியானபோது அமெரிக்காவில 84.99 டொலர், 25,000 ரூபாவுக்குக் கிட்ட. பிடிக்க நல்ல சுகம், ஒத்துக்கொள்ளுறன். ஆனா அந்தக் காசுக்கு ஒரு முழுக் கேம் வரும். கமரா வெளியானபோது 54.99 டொலர். விளையாடேக்க நண்பர்களின்ர முகத்தைப் பார்க்கத்தான் அது. என்ர நண்பர்கள் பக்கத்து ஒழுங்கையில இருக்கினம், முகத்தைப் பார்க்கக் கமரா தேவையில்லை.

மெமரி கார்ட் விசயம் முக்கியம். போனில கிடக்கிற சாதாரண மைக்ரோ எஸ்டியை இதில போட்டால் பழைய படங்களை, வீடியோக்களை மட்டும்தான் எடுக்கலாம். கேம் பதியிறதுக்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்தான் வேணும். 256 ஜிபி ஒண்டு 2025இல வெளியில 60 டொலர், அதாவது 18,000 ரூபா. கொன்சோலுக்குள்ள இருக்கிறதும் 256 ஜிபிதான்.

கொன்ட்ரோலர் தடி தானா அசையிற வருத்தம் முந்தின ஸ்விட்ச்சில எல்லாருக்கும் வந்தது. எங்களுக்கு அது பெரிய பிரச்சினையாகவே இருக்கேல்ல. நெல்லியடியில போன் திருத்திற பெடியன் அரை மணித்தியாலத்தில சீனத் தடி ஒண்டு மாத்தித் தருவான். புதுசிலயும் காந்த உணரி இல்லை, பழைய வகைத் தடிதான். பற்றரியை உள்ளுக்க பசை போட்டு ஒட்டியிருக்கினம். ஐஃபிக்சிற் நிறுவனம் பிரிச்சுப் பார்த்துத் திருத்தக்கூடிய தன்மைக்கு 10க்கு 3 புள்ளிதான் குடுத்தது. நிண்டெண்டோவின்ர சேவை நிலையம் இல்லாத நாட்டில அந்த 3 எண்டது விமர்சனப் புள்ளி இல்லை, விலையின்ர ஒரு பகுதி.

இதெல்லாத்தையும் ஒரு பக்கத்தில வைச்சாலும் சமாளிக்கலாம். என்ர உண்மையான கவலை அட்டையில இருக்கு.

எங்கட வட்டத்தில அஞ்சு பேர். பழைய ஸ்விட்ச் மூண்டு, அட்டைகள் பதினாலு. எந்த அட்டை ஆரிட்ட, எண்டைக்குப் போனது எண்டு எழுத ஒரு 40 பக்கக் கொப்பி இருக்கு. செல்டா ஆறு மாசத்தில அஞ்சு வீடும் சுத்தி வந்தது. ஒருத்தரும் பதினாலையும் வாங்கேல்ல, எல்லாரும் பதினாலையும் விளையாடினம். இந்த ஊரில கேம் விளையாடுறது எண்டால் இதுதான். இது புதுசும் இல்லை. என்ர பெரியண்ணாவின்ர காலத்தில, பொருளாதாரத் தடையில பற்றரியே வராத பொருள். சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் றேடியோ கேட்டவையாம். 2002இல ஏ9 பாதை திறந்த பிறகு வந்த ஒரு பிறிக் கேமை எட்டுப் பேர் முறை வைச்சு விளையாடினவையாம், பற்றரிக்கும் எட்டுப் பேரும் காசு போட்டு. ஒரு சாமான், கனக்கக் கைகள்.

ஸ்விட்ச் 2 அட்டைகளில ரெண்டு வகை இருக்கு. மாரியோ கார்ட் வேர்ல்ட், டொங்கி கொங் பனான்சா மாதிரியான அட்டைகளில கேம் முழுசா உள்ளுக்க கிடக்கும். மற்ற வகைக்குப் பேர் கேம்-கீ கார்ட். அது ஒரு சாவி, அவ்வளவுதான். செருகினால் இன்டர்நெட்டில இருந்து முழுக் கேமையும் இறக்கச் சொல்லும். இறக்கினாப்பிறகும் அட்டை உள்ளுக்க இருந்தால்தான் விளையாடலாம்.

கரவெட்டியில எங்கட வட்டத்துக் கூட்டாளி ஒருத்தனுக்கு கனடாவில இருந்து இன்னொரு ஸ்விட்ச் 2 வந்தது, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 அட்டையோட. அது சாவி அட்டை, 50 ஜிபி வரை இறக்க வேணும். அவன்ர வீட்டில பைபர் இல்லை. போன் டேட்டாவில போட்டான், அந்த மாசம் தங்கச்சியின்ர ஒன்லைன் ரியூசனுக்கு மிச்சம் ஒண்டும் இல்லை. வீட்டில என்ன நடந்திருக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. பிறகு எனக்கு இரவல் தந்தான். நான் றவுட்டரில ரெண்டு இரவு விட்டு இறக்கினன். ஒரு கிழமையில அட்டையைத் திருப்பிக் குடுத்தன், என்ர கொன்சோலுக்குள்ள கிடந்த 50 ஜிபியும் ஒண்டுக்கும் உதவாமல் போச்சு. அழிச்சன். மற்ற மூண்டு பேரும் இந்தக் கொன்சோல் வாங்கி, அதே அட்டை அவையளிட்டையும் போனால் மொத்தம் 250 ஜிபி. செல்டா அட்டை அஞ்சு வீடு சுத்தினதுக்குச் செலவான டேட்டா பூச்சியம்.

நியாயமாகவும் சொல்ல வேணும். வெறும் டவுன்லோட் கோட்டை விட இது மேல், இரவல் குடுக்கலாம், விக்கலாம். ஆனா பெரிய கேம் எண்டால் வேற வழியில்லை எண்டு சொல்லுறதை நான் ஏற்கமாட்டன். சைபர்பங்க் 2077 அவ்வளவு பெரிய கேம், 64 ஜிபி அட்டையில முழுசா வந்திருக்கு. அட்டைச் செலவை மிச்சம் பிடிக்கிற நிறுவனம் அந்தச் செலவை டேட்டாவாக என்ர தலையில போடுது. சேவர் பக்கமும் யோசியுங்கோ. 3டிஎஸ், வீ யூ ரெண்டின்ரயும் ஈஷொப்பில வாங்கிறதை 2023 மார்ச்சில நிப்பாட்டினவை. பழைய கேமை இறக்கிறதையும் ஒரு நாள் நிப்பாட்டினால் சாவி இருக்கும், கதவு இராது.

வேர்ச்சுவல் கேம் கார்ட் எண்டு இன்னொரு ஏற்பாடு இருக்கு. டவுன்லோட் கேமை குடும்பக் குழுவில உள்ள ஒருத்தருக்கு ரெண்டு கிழமை இரவல் குடுக்கலாம். குடும்பம் எண்டால் ஆர் எண்டதை நிண்டெண்டோ ஒரு மாதிரி நினைக்குது, உடுப்பிட்டியில நாங்கள் வேற மாதிரி.

பழைய கொன்சோல் வாங்கிறவைக்கும் ஒரு எச்சரிக்கை. கள்ளக் கேம் போடுற அட்டைகளைப் பாவிச்ச ஸ்விட்ச் 2களை நிண்டெண்டோ இணையத்தில இருந்து தடை செய்யுது, அது கணக்கை இல்லை, அந்தக் கொன்சோலையே தடுக்கிறது. இரண்டாங்கையில வாங்கேக்க வித்தவர் முன்னாலேயே இன்டர்நெட்டில போட்டு, ஈஷொப் திறக்குதோ எண்டு பார்த்துப்போட்டுக் காசைக் குடுங்கோ. சாவி அட்டைக்கு இன்டர்நெட் இல்லாத கொன்சோல் வெறும் பெட்டி.

இவ்வளவும் சொல்லிப்போட்டு, எனக்கு ஆகப் பிடிச்சதைச் சொல்லாமல் விடேலாது. கேம்ஷெயார். ஒருத்தரிட்ட கேம் இருந்தால் பக்கத்தில இருக்கிற மற்றக் கொன்சோல்களுக்கு அதை அனுப்பி ஒண்டா விளையாடலாம், இன்டர்நெட் வேண்டாம், பழைய ஸ்விட்ச்சும் காணும். எல்லாக் கேமும் இல்லை, 51 விளையாட்டுகள் இருக்கிற கிளப்ஹவுஸ் கேம்ஸ் மாதிரிச் சிலது. எங்கட வட்டத்தில ஆகச் சின்னவன் பக்கத்து வீட்டுத் தம்பி, அண்ணன் விட்டுட்டுப்போன 2017 மொடல் ஸ்விட்ச்தான் அவனிட்ட. திண்ணையில நாலு பேர் இருந்து விளையாடேக்க அவனும் அதைக் கொண்டுவந்து சேர்ந்திட்டான். இதைச் செய்யத் தெரிஞ்ச ஆக்களுக்கு அட்டையையும் ஒழுங்காகச் செய்யத் தெரியும்.

வாங்கலாமோ எண்டு கேக்கிறியள். கையில நல்ல ஓலெட் ஸ்விட்ச் இருந்தால் பொறுங்கோ. வெளிநாட்டில இருந்து ஆராவது வாங்கித் தரக் கேட்டால், கேம் பெட்டியின்ர முன்பக்கம் அடியில பார்க்கச் சொல்லுங்கோ. சாவிப் படமும் கேம்-கீ கார்ட் எண்டும் போட்டிருந்தால் அதை வைச்சிட்டு வேற ஒண்டை எடுக்கச் சொல்லுங்கோ. தைப்பொங்கலுக்கு வாற சித்திக்கு நான் அனுப்பின பட்டியலில ரெண்டு சாமான்தான்: ஒரு எக்ஸ்பிரஸ் மெமரி கார்ட், பனான்சா முழு அட்டை ஒண்டு. கொப்பியில பதினஞ்சாம் இலக்கம் போட்டு அதுக்கு வரி ஒதுக்கியாச்சு, கரவெட்டிக்காரன் தன்ர பேரை முதல்ல எழுதிப்போட்டான்.