இரண்டு விரல் வேலை

எந்திரம் வந்து சேர்வதற்கு முன்பே அந்த அம்மா கண்மாய்க் கரைக்கு வந்துவிட்டார். கையில் ஒரு பழைய சிவப்புச் சேலை. அதைப் பல்லால் கடித்து விரலகலத்துக்குக் கிழித்து, கரையோரம் நின்ற மரங்களில் சிலவற்றுக்கு மட்டும் முடிச்சுப் போட்டுக்கொண்டே போனார். பின்னால் போய் நின்ற என்னைப் பார்த்து, "இது நாட்டுக் கருவ. அங்கிட்டு நிக்கிறது சீமக் கருவ. டிரைவர் தம்பிக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான் அடையாளம்" என்றார்.

ஆவணி மாதக் கடைசி. தொண்டியிலிருந்து திருவாடானைக்குப் போகும் சாலையில் பாதி வழியில் பிரியும் மண்பாதை. உப்பின் பிசுபிசுப்போடு கடல்காற்று அங்கே வரைக்கும் வருகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தச் சில வாரத் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் வயலுக்கு நெல், மாட்டுக்குக் குடிநீர். அதற்குள் கரையையும் வரத்துக்காலையும் மூடிக்கிடக்கும் சீமைக் கருவையை எடுத்துவிட வேண்டும் என்று ஊர்க்காரர்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, ஒரு சின்ன எந்திரத்தை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். அந்த வேலையைப் பார்க்கத்தான் நான் போனேன்.

இரண்டு கருவைக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த அம்மாதான் எனக்குக் காட்டினார். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணிமணியாகக் கோத்த மாதிரி இடையிடையே சுருங்கியிருக்கும். முள் வெளுத்து, நீண்டு, நேராக நிற்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீளச் சரமாகத் தொங்கும். காய் முற்றினால் இளமஞ்சள், மென்றால் இனிக்கும். தண்டு அடியிலேயே நாலைந்தாகப் பிரிந்து புதராகப் படரும். தூரத்தில் வண்டியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே முள்ளுதான். ஆனால் முதுகுளத்தூர்ப் பக்கம் காஞ்சிரங்குளத்துக்கு வரும் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுவது கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான். ஏரும் வண்டியும் செய்ய நம் ஆட்கள் தேடியதும் நாட்டுக் கருவேலத்தைத்தான். அதனால் அந்தச் சிவப்புத் துணி வேலைக்கு வெளியே இருக்கும் சடங்கு அல்ல, வேலையின் முதல் படி.

எந்திரம் வந்தது. மூன்றரை டன் எடை. ஹிட்டாச்சி என்பது ஒரு கம்பெனியின் பெயர். ஆனால் இந்தப் பக்கம் சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து மண் அள்ளும் எதுவும் ஹிட்டாச்சிதான், டயரில் ஓடினால் ஜேசிபி. இது மினி ஹிட்டாச்சி. கரையின் மேல்தளம் ஒரு மாட்டுவண்டி அகலம்கூட இல்லை. பெரிய வண்டி ஏறினால் கரை சரியும். டயர் வண்டியை விட்டால் வெட்டுப்பட்ட கருவைத் தூர் ஆணிபோல நின்று டயரைக் கிழிக்கும். சங்கிலிப் பட்டைக்கு அந்தப் பயம் குறைவு.

மண் அள்ளும் பக்கெட்டைக் கழற்றி, அதே இடத்தில் புதர் வெட்டும் தலையை மாட்டினார்கள். அதைக் 'கட்டர்' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இரும்புக் கூண்டுக்குள் ஓர் உருளை. அதைச் சுற்றிலும் கனத்த இரும்பு நாக்குகள் தொங்குகின்றன. உருளை சுற்றும் விசையில் அவை நிமிர்ந்து நின்று வெட்டும்; கல்லில் பட்டால் மடங்கிக் கொடுக்கும். எந்திரத்திலிருந்து இரண்டு தடித்த குழாய்கள் எண்ணெயை அழுத்தத்தோடு கொண்டுபோய் மோட்டாரைச் சுழற்றி, திரும்பக் கொண்டுவருகின்றன. மூன்றாவதாக ஒரு மெல்லிய குழாய். அதைத்தான் டிரைவர் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார். "மோட்டாருக்குள்ள கசியிற எண்ண இது வழியாத் தொட்டிக்குப் போகணும்ணே. இத மாட்டாம ஓட்டுனா சீல் பிச்சுக்கிட்டு வந்துரும்" என்றார். முப்பது வயதுகூட இருக்காது. எட்டு வருடமாக ஓட்டுகிறாராம்.

"நூறு மீட்டருக்குள்ள யாரும் நிக்கக் கூடாது" என்று அவர் சொன்ன பிறகுதான் எஞ்சின் உயர்ந்தது. உடைந்த கட்டையும் கல்லும் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. அவருக்கு முன்னால் கம்பிவலையும் தடித்த தகடும் உண்டு. நமக்கு எதுவும் இல்லை. கலுங்கு மேட்டில் நின்று பார்த்தேன். வேகமாக உள்ளே குத்தவில்லை. புதரின் தலையிலிருந்து மெதுவாகக் கீழே இறக்கினார். சத்தம் தாழ்ந்து அடைத்ததும் எந்திரக் கையைத் தூக்கி, உருளைக்குப் பழைய வேகம் வரும்வரை காத்து, மறுபடி இறக்கினார். மணிக்கட்டுத் தடிமன் வரை அது சிராய் சிராயாகக் கிழித்துப் போட்டது. அதைவிடத் தடித்த தண்டுகளை முந்தின நாளே ஆட்கள் கோடாலியாலும் ரம்பத்தாலும் இறக்கி வைத்திருந்தார்கள். மண்ணுக்கு நாலு விரல் மேலே தலை நின்றது. மண்ணைத் தொட்டால் நாக்கு மழுங்கிவிடும்.

பத்து மணி வாக்கில் சத்தம் மாறியது. டிரைவர் உடனே அணைத்து இறங்கினார். உருளையின் ஓரத்தில் பச்சை நைலான் வலை இறுகச் சுற்றியிருந்தது. கிழிந்த மீன்வலையைக் கருவைக்குள் வீசுவதும், வேலி அடைப்புக்குக் கட்டி அப்படியே விட்டுவிடுவதும் இந்தக் கரையோரத்தில் வழக்கம். புதர் அதை விழுங்கி வளர்ந்துவிடும். சுற்றிய நைலான் சூட்டில் உருகி அச்சில் ஒட்டினால், அடுத்துச் சீல் போகும். அதன்பின் எண்ணெய் கண்மாய்க்குள் ஒழுகும். தொண்டிக் கடலில் வலைக்குப் போன ஒருவர் கூட்டத்திலிருந்து வந்தார். சூரிக்கத்தியை அச்சுக்கும் வலைக்கும் நடுவே நுழைத்து, இழை இழையாக நறுக்கி எடுத்தார். முக்கால் மணி நேரம். அவருடைய விரல்களுக்கு வலையின் முடிச்சு தெரியும். அதன்பிறகு நாலு பேர் எந்திரத்துக்கு முன்னால் நடந்து, கம்பால் புதரை விலக்கி வலையும் கம்பியும் பார்த்துச் சொன்னார்கள். அவர்கள் ஒதுங்கிய பிறகே வெட்டு நடந்தது.

சீமைக் கருவேலம் இந்த மண்ணுக்கு வந்து ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. சென்னை மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாக இருந்த பெட்டோம் கேட்டதன்பேரில் 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது; கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றினார்கள். வறண்ட நிலத்தில் மரமும் விறகும் வேண்டும் என்பது நோக்கம். அந்த நோக்கம் பொய்க்கவில்லை. மானம் பார்த்த பூமியில் அடுப்பெரித்தது கருவை. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் எத்தனையோ. முந்தின நாள் தண்டு இறக்கிய பெரியவரும் மூட்டக்காரர்தான். கட்டையை அடுக்கி, தழையும் மண்ணும் போர்த்தி, உள்ளே தீ மூட்டி, எரியவிடாமல் புகையவிட்டுக் கரியாக்கும் கலை அது. "நாலஞ்சு டன் வெறகு போட்டா ஒரு டன் கரி. இந்தக் கட்டரு எல்லாத்தயும் தூளாக்கிருது. தூள வச்சு என்னய்யா பண்றது?" என்று கேட்டார். அவர் கேள்வி நியாயமானது. அன்று தடித்த தண்டு முழுக்க அவருக்கு என்று முதலிலேயே பேசி முடித்திருந்தார்கள். எங்கே எந்திரத்தை இறக்கினாலும் இந்தப் பேச்சு முதலில் நடக்க வேண்டும்.

எந்திரம் செய்ய முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. அது கருவையைக் கொல்லாது. இந்த மரத்தின் உயிர்மொட்டு தரைக்குச் சற்றுக் கீழே, தூரில் இருக்கிறது. மேலே வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். அமெரிக்காவின் டெக்சாஸில் இதன் இனத்து மரங்களோடு போராடும் மாட்டுப்பண்ணைக்காரர்கள், மண்ணுக்கு அடியில் ஓரடி ஆழத்தில் கத்தியை இழுத்து வேரை அறுப்பது இதனால்தான். அப்படியானால் கட்டர் எதற்கு? கரைக்கு. கரையில் தூரைத் தோண்டினால் குழி விழும். குழியில் நீர் நின்றால் கரை இளகும். ஒரு புயல் மழைக்கு உடையும். கரையிலும், சாலை ஓரத்திலும், வரத்துக்காலின் சரிவிலும் மண்ணைக் கலைக்காமல் வெட்டத்தான் இது. கண்மாயின் உள்வாயில் வேலை வேறு. அங்கே மதியம் கட்டரைக் கழற்றிப் பக்கெட்டை மாட்டி, தூரோடு புரட்டி எடுத்தார்கள். ஒரே வண்டி, இரண்டு இடம், இரண்டு தலை. எந்த இடத்தில் எதை மாட்டுவது என்று சொன்னது எந்திரம் அல்ல. அந்தக் கரையில் நாற்பது வருடம் மடை திறந்து அடைத்த ஒரு பெரியவர்.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவையை அகற்றச் சொன்னபோது தென்மாவட்டங்களெங்கும் எந்திரங்கள் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதே ஆண்டில் சில மாதங்கள் தடையும் இருந்தது. 2022-ல் தமிழக அரசு வெளியிட்ட கொள்கை, அயல் தாவரங்களை அகற்றுவதோடு அந்த நிலத்தின் சூழலை மீட்பதையும் சேர்த்தே பேசுகிறது. அந்த இரண்டாவது பாதிதான் நம்மிடம் நழுவுகிறது. வெட்டுவதற்குக் காசு ஒதுக்குவது எல்லா ஊரிலும் எளிது. வெட்டிய மறுவருடம் திரும்பி வந்து பார்க்க ஆள் வைப்பதுதான் கடினம்.

நான் தை மாதம் திரும்பப் போனேன். கண்மாயில் முக்கால் வாசித் தண்ணீர். கரை உடையவில்லை. கட்டர் ஓடிய சரிவில் தூருக்குத் தூர் முழங்கால் உயரத்துக்குப் பச்சைத் துளிர். பார்த்ததும் மனசு விட்டுப்போனது. ஆனால் அங்கே ஐந்தாறு பெண்கள் அரிவாளோடு துளிரைக் கழித்துக்கொண்டு இருந்தார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை இப்படிக் கழித்தால் தூர் தளரும் என்பது அவர்கள் கணக்கு. இடையிடையே பனங்கொட்டை ஊன்றியிருந்தார்கள்.

சிவப்புத் துணி அம்மா நீர் விளிம்பில் குனிந்திருந்தார். ஆட்டுப்புழுக்கை கிடந்த ஈரமண்ணில் இரண்டிலைக் கன்றுகள் வரிசையாக முளைத்திருந்தன. ஆடு காயைத் தின்று கழித்த விதை. ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வெள்ளை வேர் முழுசாக, சத்தமில்லாமல் வந்தது. என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னைக்கு ரெண்டு வெரல் போதும்யா. மூணு வருசம் விட்டா அந்த வண்டியத்தான் கூப்புடணும்."

அவர் அடுத்த கன்றுக்கு நகர்ந்தார். நானும் குனிந்தேன்.