பின்கால்

மேசை செய்யத் தெரிந்தவனுக்கு நாற்காலி எம்மாத்திரம் என்று நினைத்துத்தான் பையன்கள் வேலை பழக வருகிறார்கள். மேசையில் மூலைமட்டம் எங்கே வைத்தாலும் உட்காரும். நாற்காலியில் அதற்கு வேலை குறைவு. இருக்கை முன்னால் 18 அங்குலம் என்றால் பின்னால் 15 போதும். பின்பக்கம் அரை அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உட்கார்ந்தவர் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பார். ஆகவே பக்கச் சட்டம் பின்காலில் சேரும் இடத்தில் கழுந்து, அதாவது துளைக்குள் நுழையும் சட்டத்தின் நுனி, சாய்வாகத்தான் வரும். சாப்பிட்டு முடித்த மனுஷன் முன்கால்களைத் தூக்கிப் பின்னால் சாய்வானே, அந்த இழுப்பு முழுவதும் அங்கேதான் விழுகிறது.

பின்காலை வளைவாக அறுக்கிறோம். மாதிரிப் பலகையை வைத்து வரையும்போது மரத்தின் ரேகை வளைவோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ரேகை குறுக்கே வெட்டுப்பட்ட இடத்தில் கால் ஒருநாள் ஒடியும். ஒரு காலுக்குள் இன்னொரு காலைப் பொருத்தி வரைந்தால் தேக்கு மிச்சமாகும். கன அடி விலைக்கு அது சின்ன ஆதாயமில்லை. ஆனால் எனக்கு வேலை சொல்லித்தந்த ஆசான் அந்த மிச்சத்துக்கு மயங்கமாட்டார். பலகையை வெயிலுக்குச் சாய்த்துப் பார்ப்பார், கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார், "இது கட்டிலுக்கு" என்று தள்ளிவைப்பார். அவ்வளவுதான் பாடம். காரணம் கேட்டால் வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார்.

கழுந்தின் கனம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. கையால் அழுத்தினால் பாதி போக வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளி வேண்டும். ஆரம்பத்திலிருந்தே அடித்துத்தான் ஏறுகிறதென்றால் பின்கால் பிளக்கும். எங்கே இடிக்கிறது என்று தெரியவில்லையா? கழுந்தில் பென்சிலைத் தேய்த்து உள்ளே விட்டு எடுங்கள். பளபளத்த இடத்தை மட்டும் உளியால் சீவுங்கள்.

எங்கள் குமரிப் பக்கம் இரண்டு பருவமழையும் உண்டு. மழையில் மரம் ஊதும், பங்குனியில் சுருங்கும். நீளத்தில் அல்ல, அகலத்தில். பச்சை அயனி மரத்தில் செய்த நாற்காலி வீட்டுக்குப் போன பிறகுதான் ஆட ஆரம்பிக்கும். அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காயவிடுவது பழங்கணக்கு. அந்த ஒரு வருஷம் பணம் மர அடுக்கில் முடங்கிக் கிடக்கும், வேறு வழியில்லை. அதனால்தான் மரத்துக்கான தொகையை முன்பணமாக வாங்கிவிடுகிறேன். பிளாஸ்டிக் நாற்காலி விலையைச் சொல்லிப் பேரம் பேசுகிறவரிடம் வாதாடுவதில்லை.

ஆடுகிற நாற்காலியின் காலை உடனே அறுக்காதீர்கள். என் பட்டறையில் ஒரு பையன் ஒன்றை அறுத்தான், பிறகு அடுத்ததை, பிறகு அதற்கடுத்ததை. கடைசியில் அது குழந்தை உட்காரும் உயரத்துக்கு வந்துவிட்டது. சமமான பலகைமேல் நிறுத்தி, குட்டையான காலுக்கு அடியில் சிராய் செருகி, ஒரே கட்டைமேல் பென்சிலை வைத்து நாலு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். அதன்பிறகே ரம்பம்.

பழுதுக்கு வருவதை வேண்டாமென்று அனுப்பாதீர்கள். கூலி குறைவுதான், ஆனால் இன்னொருவர் கைவேலையைக் கழற்றிப் பார்க்கலாம். வஜ்ஜிரப் பசை போட்ட பழைய நாற்காலியில் வெந்நீர்த் துணியைச் சுற்றினால் கழுந்து சேதமில்லாமல் வெளியே வரும். பெவிகால் அப்படி இளகாது. இருந்தும் நான் பெவிகால்தான் போடுகிறேன். வஜ்ஜிரம் காய்ச்சும் நாற்றத்துக்கு வீட்டில் சம்மதமில்லை. பின்காலில் மட்டும் மூங்கில் ஆணியும் சேர்த்து இறக்கிவிடுகிறேன்.